டை அடித்து முகம் வீங்கிய பிறகு எதையெல்லாம் தவிர்க்க வேண்டும்?

கேள்வி: நாங்கள் யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம். அம்மாவுக்கு 54 வயது, பல வருடமாகத் தலைக்கு டை அடிப்பவர். போன மாதம் அடித்துவிட்டு அடுத்த நாள் பின்னேரம் நெற்றியும் காதோரமும் கடிக்கிறது என்றார். அதற்கடுத்த நாள் காலை கண் திறக்க முடியாத அளவுக்கு முகம் வீங்கிவிட்டது. தோல் வைத்தியர் பார்த்துவிட்டு, இது பி.பி.டி. அலர்ஜியாகத்தான் இருக்கும், பாட்ச் டெஸ்ட் செய்து உறுதிப்படுத்தலாம் என்றார். தங்கச்சிக்கு ஆவணியில் கல்யாணம். நரையோடு மணவறைக்குப் பக்கத்தில் நிற்க மாட்டேன் என்கிறார் அம்மா. வேறு எந்த டை அடிக்கலாம்? தலைச் சாயத்தில் மட்டும்தான் இது இருக்கிறதா, வீட்டிலுள்ள மற்றப் பொருட்களிலும் இருக்கிறதா?

பதில்: "வேறு எந்த டை" என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். ஒரு முறை வீங்கியவர்கள் அநேகமாகச் செய்வது, கடைக்குப் போய் வேறு பெயர் போட்ட பெட்டி ஒன்றை வாங்கிப் பார்ப்பதுதான். இரண்டாம் முறை முதல் முறையைவிட மோசமாக வருவதும் அப்படித்தான். அம்மாவுக்கு ஒத்துவராதது ஒரு மூலக்கூறு. அது யாருடைய பெட்டிக்குள் இருந்தாலும் ஒத்துவராது. இந்த ஒவ்வாமை வந்தால் ஆயுளுக்கும் போகாது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே பெட்டியை மாற்றுவதில் பயனில்லை, அந்த மூலக்கூறை அடையாளம் காணப் பழக வேண்டும். நான் மருந்தாளர், தோல் வைத்தியர் இல்லை. இந்தப் பெட்டிகளையும் அவற்றின் பின்பக்கத்துப் பொடி எழுத்துகளையும் வாசிப்பது என் தொழிலில் ஒரு பங்கு.

பி.பி.டி. என்பது பாரா-பினைலீன்டையமின். 1883இல் பிரான்ஸில் இதைத் தலைச் சாயமாகப் பயன்படுத்தக் காப்புரிமை எடுத்தார்கள். இன்றுவரை, கழுவினாலும் போகாத கறுப்பு என்றால் பெரும்பாலும் இதுவோ இதன் நெருங்கிய உறவுகளோதான். தனியாக இருக்கும்போது இதற்குப் பெரிதாக நிறம் கிடையாது. மிகச் சிறிய மூலக்கூறு என்பதால் முடிக்குள் சுலபமாகப் புகுந்துவிடும். டையோடு வரும் இரண்டாவது போத்தலில் உள்ள பெரொக்சைட்டுடன் சேர்ந்ததும் ஒட்சியேற்றம் நடந்து, உள்ளேயே பெரிய கறுப்பு மூலக்கூறுகளாகக் கட்டுப்பட்டுக்கொள்ளும். அதனால்தான் சாயம் வெளியே வருவதில்லை. அதே சிறிய மூலக்கூறு தலைத் தோலுக்குள்ளும் புகுந்து அங்குள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. நோய் எதிர்ப்புக் கலங்கள் ஒரு நாள் அதை எதிரி என்று பதிந்துவிட்டால், பிறகு ஒவ்வொரு முறையும் சண்டைதான்.

இருபது வருடமாகப் போட்டும் ஒன்றும் வரவில்லையே என்று அம்மா கேட்பார். எல்லோரும் கேட்கிறார்கள். அந்தப் பதிவு முதல் முறையும் நடக்கலாம், இருபதாவது வருடமும் நடக்கலாம். இது தாமதித்து வரும் வகை ஒவ்வாமை என்பதால் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் வெளியே தெரியும். தடித்த தலைத் தோல் பெரும்பாலும் தப்பிவிடும். மெல்லிய கண் இமை, காது மடல், நெற்றி விளிம்பு, பிடரி ஆகியவைதான் அடிபடும். டை பட்டது தலையில், வீங்கியது கண் என்பதால் கண்ணில் ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஒரு நிம்மதியான செய்தியும் இதற்குள் இருக்கிறது. முடிக்குள் முழுதாகக் கறுத்துக் கட்டுப்பட்ட சாயம் அநேகமாகத் தொந்தரவு தராது. ஆபத்து ஈரக் கலவையில்தான். ஆகவே அம்மாவின் தலையில் இப்போது இருக்கும் கறுப்பை வெட்டி எறியத் தேவையில்லை. அப்பா டை அடிப்பவராக இருந்தால், அடித்து நன்றாகக் கழுவிய பிறகு அவருடைய தலையணையைப் பற்றியும் பயப்பட வேண்டாம். ஆனால் அப்பாவுக்கு அடித்துவிடுவது அம்மா என்றால் அந்த வேலை இன்றோடு நிற்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் பொலித்தீன் கையுறை சுலபமாகக் கிழியும், மணிக்கட்டையும் மறைக்காது. டை கலக்கிய கிண்ணம், தூரிகை, துடைத்த துவாய், குளியலறைத் தொட்டியில் தெறித்த துளி ஆகியவற்றை அம்மா கழுவாமல் மற்றவர்கள் கழுவட்டும்.

சரி, பெட்டிக்கு வருவோம். முன்பக்கத்தில் எழுதியிருப்பது எதையும் நம்ப வேண்டாம். "அமோனியா இல்லை" என்பதைத்தான் நம் ஆட்கள் அதிகம் நம்புகிறார்கள். அமோனியா மூக்கை எரிக்கும் மணத்துக்குப் பொறுப்பு, முடியின் மேற்செதிலைத் திறக்கப் போடுவது. அதை எடுத்துவிட்டு எத்தனோலமின் போடுகிறார்கள். பி.பி.டி. அப்படியே இருக்கும். மணம் இல்லாததால் மென்மையான டை என்று எண்ணி வாங்கி வீங்கியவர்கள் நிறையப் பேர். "ஹெர்பல்", "இயற்கை மூலிகை", நெல்லிக்காய் படம், கற்றாழைப் படம் எல்லாம் அதே கதைதான். மூலிகையும் கொஞ்சம் போட்டிருப்பார்கள். பொய் சொல்லவில்லை, மிச்சத்தைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பின்பக்கத்தில் தேட வேண்டியது பாரா-பினைலீன்டையமின் என்ற பெயரை. அது 1,4-பென்சீன்டையமின், பி-டையமினோபென்சீன், 4-அமினோஅனிலின் என்றும் வரலாம். சில பெட்டிகளில் சி.ஐ. 76060 என்ற சாய எண் இருக்கும். இரசாயனப் பதிவு எண் போட்டிருந்தால் அது 106-50-3. அடுத்தது அதன் நெருங்கிய உறவான டொலுயீன்-2,5-டையமின். "பி.பி.டி. இல்லாத டை" என்று விலை கூட்டி விற்பவற்றில் அநேகமாக இதுதான் இருக்கும். பி.பி.டி. ஒத்துவராத கணிசமான பேருக்கு இதுவும் ஒத்துவராது. பாரா-அமினோபினோல், மெட்டா-அமினோபினோல் என்ற பெயர்களையும் கண்டால் வைத்துவிடுங்கள். இந்தப் பெயர்களை வைத்தியரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கி, போனில் படம் எடுத்து வையுங்கள். கடையில் நின்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிடலாம். உள்ளடக்கப் பட்டியலே இல்லாத பைக்கற்றாக இருந்தால் ஒப்பிட எதுவுமில்லை, வாங்காமல் வந்துவிடலாம்.

கனடாவிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் வரும் சொந்தக்காரர் கொண்டுவரும் டை நல்லது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் பி.பி.டி. தடை செய்யப்படவில்லை. தலையில் பூசும்போது கலவையில் 2 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்ற வரம்புதான் இருக்கிறது. ஏற்கனவே ஒவ்வாமை உள்ளவருக்கு அந்த 2 வீதம் தாராளம். வெளிநாட்டுப் பெட்டியால் கிடைக்கும் ஒரே நன்மை, பட்டியலும் எச்சரிக்கையும் தெளிவாக அச்சாகியிருப்பது.

நம் ஊரில் எனக்குப் பெட்டி டையைவிடப் பயமானது பைக்கற்றில் வரும் "கறுப்பு மருதோன்றி"ப் பவுடரும், அதே பெயரில் கைக்குப் போடும் கோனும்தான். மருதோன்றிச் செடியில் கறுப்பு என்று ஓர் இனம் கிடையாது. வேலியோரத்து மருதோன்றி இலையை அரைத்துப் பூசினால் செம்மஞ்சள், அடுத்த இரண்டு நாளில் அது செம்பழுப்பாக ஆழமாகும். அதற்கு மேல் அந்த இலையால் முடியாது. நல்ல நிறம் பிடிக்கவும் பல மணி நேரம் வேண்டும். தண்ணீரில் குழைத்து அரை மணி நேரத்தில் முடியைக் கரிக்கறுப்பாக்கும் பவுடர் என்றால் உள்ளே பி.பி.டி. இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு வேகமாகக் கறுக்கிறதோ அவ்வளவுக்குச் சந்தேகப்பட வேண்டும்.

கோனில் இது இன்னும் மோசம். டை தலையில் அரை மணி நேரம் இருந்து கழுவப்படுகிறது. கறுப்புக் கோன் வெறும் தோலில் மணிக்கணக்காகக் காய்கிறது. அப்படிப்பட்ட கறுப்புக் கலவைகளைப் பரிசோதித்த இடங்களில் பி.பி.டி. 10 வீதத்துக்கு மேலும் இருந்திருக்கிறது. ஐரோப்பாவில் இதைத் தோலில் பூசவே அனுமதி இல்லை. அங்கே விற்கும் டைப் பெட்டிகளில், முன்பு கறுப்பு மருதோன்றி போட்டவர்களுக்கு ஒவ்வாமை ஆபத்து கூடும் என்று அச்சடிக்கச் சட்டமே இருக்கிறது. திருவிழாக் காலத்திலும் கல்யாண வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். கோலம் போட்ட வடிவத்திலேயே கொப்புளம் எழும்பி, ஆறிய பிறகு வெளுத்த தழும்பாக மாதக் கணக்கில் நிற்பது உண்டு. அது நடக்காமல் போனாலும், அந்தப் பிள்ளையின் உடம்பு பி.பி.டி.யை அன்றே பதிந்துவைத்திருக்கலாம். நாற்பது வயதில் முதல் டை அடிக்கும்போதுதான் அது தெரியவரும். ஆகவே கல்யாணத்துக்கு மெஹந்தி போட வருபவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்: கலவையை எதில் குழைத்தீர்கள், எவ்வளவு நேரம் வைக்க வேண்டும், கழுவியதும் என்ன நிறம்? "கழுவியவுடனேயே கறுப்பு" என்று பெருமையாகச் சொன்னால் தங்கச்சியின் கையையும் கொடுக்க வேண்டாம். உண்மையான மருதோன்றிக் கூழ் வெளியே வைத்தால் சில நாளில் கெட்டுவிடும், குளிர்சாதனப் பெட்டியில்தான் வைப்பார்கள். மாதக் கணக்கில் கடைத் தட்டில் கிடந்தும் வேலை செய்யும் கோனுக்குள் இலை மட்டும் இருக்க வாய்ப்பில்லை.

(இடையில் ஒன்று. நல்ல மருதோன்றியாக இருந்தாலும் கைக்குழந்தைக்குப் பூச வேண்டாம். ஜி6பிடி என்ற நொதியம் குறைவாகப் பிறந்த பிள்ளைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.)

அம்மாவின் நரைக்கு என்ன வழி? என்னைக் கேட்டால் நரையோடு நிற்கலாம், நன்றாகத்தான் இருக்கும். அதை அம்மாவிடம் சொல்லும் தைரியம் எனக்கில்லை. மருதோன்றியும் அவுரியும் (நீலச் சாயம் தரும் செடி) ஒரு வழி. இரண்டையும் கலந்து அவசரமாகப் பூசுவதைவிட இரண்டு படியாகச் செய்வதுதான் நல்ல கறுப்புத் தரும். முதலில் சுத்தமான மருதோன்றியைப் பூசி இரண்டு மூன்று மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். முடி செம்மஞ்சளாக இருக்கும், பயப்பட வேண்டாம். பிறகு அவுரிப் பவுடரை வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, பூசி ஒன்றிரண்டு மணி நேரம் விட வேண்டும். கழுவியதும் பச்சை கலந்த மாதிரித் தெரிந்து, ஓரிரு நாளில் கரும்பழுப்பாகவோ கறுப்பாகவோ இறங்கும். அதனால் கல்யாணத்துக்கு முதல் நாள் செய்யக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு முன் செய்ய வேண்டும். அன்றும் மறுநாளும் ஷாம்பு வேண்டாம். ஆனி மாதத்திலேயே ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட்டால் நிறம் எப்படி வருகிறது என்றும் தெரிந்துவிடும்.

அவுரிப் பவுடர் வாங்கும்போது பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். கறுப்பாகவோ கரும்பழுப்பாகவோ இருந்தால் வேண்டாம். நல்லதாகத் தெரிந்தாலும், குழைத்த கூழில் கொஞ்சம் முழங்கையின் உட்பக்கம் பூசி, காய்ந்ததும் கழுவி, இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் தலைக்கு. ஒன்றைக் கவனியுங்கள்: இந்தச் சோதனை மருதோன்றிக்கும் அவுரிக்கும் மட்டும். பி.பி.டி. உள்ள டையை "கொஞ்சமாகப் போட்டுப் பார்ப்போம்" என்று அம்மாவின் தோலில் வைக்கவே கூடாது.

மெல்ல மெல்லக் கறுப்பாக்கும் லோஷன், எண்ணெய் என்று விற்பவற்றில் சிலது ஈய அசற்றேற்றால் வேலை செய்பவை. அவற்றில் பி.பி.டி. இல்லை, உண்மைதான், ஆனால் ஈயம் இருக்கிறது. அமெரிக்காவில் 2018இல் அதற்கான அனுமதியை நீக்க முடிவெடுத்தார்கள். ஒன்றுக்குப் பயந்து மற்றதில் விழ வேண்டாம்.

புருவத்துக்கும் இமைக்கும் டை தொடவே வேண்டாம். இது ஒவ்வாமை இல்லாதவர்களுக்கும் சேர்த்துச் சொல்வது. 1930களில் அமெரிக்காவில் லாஷ் லூர் என்ற இமைச் சாயம் பெண்கள் சிலரின் பார்வையையே பறித்தது. அதில் இருந்ததும் பி.பி.டி.தான். அங்கே 1938இல் அழகுசாதனப் பொருட்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சலூனுக்குப் போகும் ஆண்களுக்கும் இதே சிக்கல். தாடிக்கு அடிக்கும் கறுப்பும் இதே மருந்துதான், முகத் தோலோ தலைத் தோலைவிட மெல்லியது. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது சந்தேகம் இருந்தால், முந்திய ஆளுக்கு டை அடித்த தூரிகையும் கிண்ணமும் தன்னிடம் வர விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சலூனில் நாள் முழுக்க வெறுங்கையோடு டை கலக்கும் தம்பிமாருக்கு விரல் இடுக்கு வெடித்து உரிவதைப் பார்த்திருப்பீர்கள். சவர்க்காரம் பட்டது என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு முறை மட்டும் போடும் நைற்றைல் கையுறை அவர்களுடைய தொழிலையே காப்பாற்றும்.

உங்களுடைய இரண்டாவது கேள்வி, மற்றப் பொருட்கள் பற்றியது. இருக்கின்றன, ஆனால் எல்லாவற்றையும் கண்டு ஒதுங்கினால் வாழ முடியாது. நிறம் ஏற்றாத சாதாரண ஷாம்பு, சவர்க்காரம், முகப் பூச்சு, பாத்திரம் கழுவும் திரவம் ஆகியவற்றில் பி.பி.டி. போடுவதில்லை, அவை பற்றிக் கவலை வேண்டாம். உடுப்பில் கொஞ்சம் கவனம் தேவை. பொலியெஸ்டர், நைலோன் துணிகளுக்கு அடர் நீலமும் கறுப்பும் ஏற்றப் பயன்படும் சில அசோச் சாயங்கள் பி.பி.டி.க்குச் சொந்தம். நம் வெயிலில் வியர்த்து, துணி இறுக்கமாக உரசும் இடங்களில் அது கசியும். அக்குள் விளிம்பு, இடுப்பு, தொடையின் உட்பக்கம், கழுத்தோரம் ஆகிய இடங்களில் மட்டும் திரும்பத் திரும்பக் கடித்தால் கறுப்பு லெகின்ஸையும் சட்டையின் உள் துணியையும் சந்தேகப்படுங்கள். பருத்தித் துணிக்கு இந்த வகைச் சாயம் ஏற்றுவதில்லை. அம்மாவுக்கு அப்படி எந்தத் தொந்தரவும் இல்லையென்றால் அலுமாரியைக் காலி செய்யாதீர்கள், புதுத் துணியைத் துவைத்து உடுத்தினால் போதும்.

கறுப்பு றப்பரில் இதன் இன்னொரு உறவு இருக்கிறது. றப்பர் வெடிக்காமல் இருக்கப் போடுவது. டயர், தண்ணீர் இறைக்கும் குழாய், மோட்டார் சைக்கிள் கைப்பிடி, தோட்டத்துக்குப் போடும் றப்பர் சப்பாத்து போன்றவை. பி.பி.டி. ஒவ்வாமை உள்ள எல்லோருக்கும் இது ஒத்துவராமல் போவதில்லை. உள்ளங்கையிலோ பாதத்திலோ கடி தொடங்கினால் மட்டும் யோசிக்கலாம்.

பாட்ச் டெஸ்ட்டை ஒத்திவைக்க வேண்டாம். சந்தேகம் சரியா, வேறு எந்தெந்தச் சாயங்களுக்கு ஒவ்வாமை இருக்கிறது என்பது அதில்தான் தெரியும். முதுகில் சிறு வட்டங்களில் மருந்துகளை வைத்து ஒட்டி, 48 மணி நேரம் கழித்துக் கழற்றிப் பார்ப்பார்கள். பிறகு ஓரிரு நாளில் மறுபடி பார்ப்பார்கள், இரண்டாவது முறைதான் முக்கியம். அதுவரை முதுகு நனையக்கூடாது, நம் வெப்பத்தில் அது தண்டனைதான். முகம் முழுதாக ஆறியிருக்க வேண்டும். ஸ்டீரொயிட் குளிசை குடித்துக்கொண்டிருந்தாலோ முதுகில் ஸ்டீரொயிட் பூசிக்கொண்டிருந்தாலோ முடிவு பிழைக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மறுபடி எங்காவது தவறுதலாகப் பட்டுவிட்டால், நிறையத் தண்ணீரும் மென்மையான ஷாம்புவும் போட்டு உடனே கழுவுங்கள். சந்தனம், தேசிக்காய், மஞ்சள் எதுவும் வேண்டாம். ஈரத் துணியால் குளிர் ஒத்தடம் கொடுக்கலாம். அலர்ஜிக்குக் குடிக்கும் பிரிற்றன் மாதிரி மாத்திரை தூக்கம் வர உதவும், இந்த வகை வீக்கத்தை அது குறைக்காது. யாரோ தந்த பூச்சு மருந்தைக் கண் இமையில் பூசாதீர்கள். கண் மூடும் அளவுக்கு வீங்கினால் அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும். சில நிமிடத்தில் உடம்பெல்லாம் தடித்து மூச்சு இழுத்தால் அது வேறு வகை, அரிதாகத்தான் நடக்கும், அப்போது 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள். வீட்டில் மிச்சம் கிடக்கும் டைப் பவுடரைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் தொண்டை வீங்கி, சிறுநீரகமும் பாதிக்கப்பட்டு, உயிருக்கே ஆபத்து. வாந்தி எடுக்க வைத்துக்கொண்டு நேரம் கடத்தாமல் நேரே வைத்தியசாலைக்குத்தான் ஓட வேண்டும். உள்ளடக்கப் பட்டியல் இல்லாத பைக்கற்றுகளைப் பற்றி முறையிட விரும்பினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977.

மருந்து விஷயத்தில் ஆட்கள் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். பென்சோகெய்ன், புரோகெய்ன் என்ற இரண்டு மரப்பு மருந்துகளும் பி.பி.டி.யோடு உறவுள்ளவை. வாய்ப்புண் ஜெல், தொண்டைக் கரகரப்பு மிட்டாய், மூலநோய்க்குப் பூசும் மருந்து ஆகியவற்றில் சிலதில் பென்சோகெய்ன் இருக்கும், அவற்றை வாங்குமுன் பாருங்கள். பல் வைத்தியர் இப்போது போடுவது பெரும்பாலும் லிக்னோகெய்ன் ஊசி. அது வேறு குடும்பம், அம்மா பல் பிடுங்கப் பயப்படத் தேவையில்லை. சல்பா வகை மருந்துகளோடு தொடர்பு இருக்கலாம் என்று சொல்வது உண்டு, நடைமுறையில் அது அரிது. இதைக் காரணம் காட்டி வைத்தியர் தந்த மருந்தை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் "பி.பி.டி. ஒவ்வாமை" என்று வைத்தியரைக் கொண்டே எழுதுவித்து வையுங்கள், பார்மசியில் மருந்து எடுக்கும்போதும் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.